கம்பைலருக்குத் தேவையில்லாத பெயர்கள்

கீழே இருப்பது ஒரு நிரலின் ஒரே வரி:

இ = அ * ஆ * ஈ / 100

இது என்ன கணக்கு? பள்ளியில் தனிவட்டி படித்தவர்களுக்கு அதுவாகத் தோன்றும். கடைக் கணக்கு எழுதுபவருக்கு விலை, எண்ணிக்கை, வரி விகிதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்ததாகத் தெரியும். இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தவறாகவும் இருக்கலாம். வரியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது, ஏனென்றால் விடை அதில் எழுதப்படவே இல்லை. இப்போது இதைப் பாருங்கள்:

வட்டி = அசல் * ஆண்டுகள் * வட்டி_விகிதம் / 100

கணினியைப் பொறுத்தவரை இரண்டு வரிகளும் ஒன்றே. அதே மூன்று பெருக்கல் உறுப்புகள், அதே வகுத்தல். சி போன்ற மொழிகளில் கம்பைலர் இந்தப் பெயர்களை நினைவகத்தின் முகவரிகளாகவும் செயலியின் பதிவேடுகளாகவும் மாற்றிவிட்டுப் பெயர்களைத் தூக்கி எறிந்துவிடுகிறது. பிழை தேடும் வசதிக்காக நாம் கேட்டுக்கொண்டால் மட்டும் ஓர் அட்டவணையில் எடுத்து வைக்கும். இணையதளங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை வெளியிடுவதற்கு முன் இன்னும் கொடுமை நடக்கிறது. கோப்பு சிறிதாக வேண்டும் என்பதற்காக முடிந்த பெயர்களையெல்லாம் ஓரிரு எழுத்துகளாக நறுக்குவதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. நறுக்கிய பிறகும் நிரல் பிசகாமல் ஓடுகிறது.

ஆக, நிரலில் உள்ள பெயர்கள் முழுக்க முழுக்க மனிதர்களுக்காக எழுதப்படுபவை. இயந்திரத்திடம் வேலை வாங்க எழுதும் ஒன்றில் இவ்வளவு பெரிய பகுதி இயந்திரத்துக்குச் சம்பந்தமில்லாதது என்பது விந்தைதான். ஆனால் அந்தப் பகுதியும் இயந்திரத்தின் கைக்கு அடங்கித்தான் வளர்ந்தது. இன்று உலகெங்கும் புரோகிராமர்கள் பெயர் வைக்கும் பழக்கங்களைத் தோண்டினால், அடியில் ஏதோ ஒரு பழைய கணினியின் வரம்போ பழைய விசைப்பலகையின் குறையோ கிடக்கும்.

எந்த மொழியில் நிரல் எழுதுபவரும், ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும்போது எண்ணிக்கைக்குப் பெரும்பாலும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைத்தான் பயன்படுத்துகிறார். உள்ளே இன்னொரு சுற்று வந்தால் 'ஜே', அதற்குள் 'கே'. ஏன் இந்த மூன்று எழுத்துகள்? கணிதத்தில் வரிசைகளைக் கூட்டும்போது கீழ்க்குறியாக இவற்றை எழுதும் வழக்கம் வெகு காலமாக இருந்தது. 1957இல் ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐபிஎம் குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது அந்த வழக்கத்தைச் சட்டமாக்கியது. ஐ முதல் என் வரை உள்ள ஆறு எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண்ணைக் குறிக்கும், மற்ற எழுத்துகளில் தொடங்குவது தசமப் புள்ளியுள்ள மெய்யெண்ணைக் குறிக்கும். முதல் ஃபோர்ட்ரானில் ஒரு பெயரின் வகையை அறிவிக்க வேறு வழியே இல்லை, பெயரின் முதல் எழுத்துதான் அறிவிப்பு. அறிவிக்கும் வசதி பின்னால் வந்தது. அதன்பின் பிறந்த நகைச்சுவை இது: ஆங்கிலத்தில் கடவுளின் பெயர் 'ஜி'யில் தொடங்குகிறது, ஆகவே முழு எண் என்று யாரும் அறிவிக்காத வரை கடவுள் மெய்.

ஃபோர்ட்ரான் பெயர்களுக்கு ஆறு எழுத்துக்கு மேல் அனுமதி இல்லை. அது ஓடிய ஐபிஎம் 704 கணினியின் ஒரு நினைவகச் சொல் 36 பிட் அகலம். ஓர் எழுத்துக்கு ஆறு பிட் என்றால் ஒரு சொல்லில் ஆறு எழுத்துகள் கச்சிதமாக உட்காரும். அந்த ஆறு வெகு காலம் உயிரோடு இருந்தது. 1989இல் சி மொழிக்கு முதல் தரவரையறை வந்தபோதுகூட, ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குப் போகும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும் என்பதுதான் உத்தரவாதம். சரத்தின் நீளத்தைச் சொல்லும் 'ஸ்ட்ர்லென்', சரத்தைப் பிரதி எடுக்கும் 'ஸ்ட்ர்சிபிஒய்', நினைவகம் கேட்கும் 'மாலக்', அச்சிடும் 'பிரிண்ட்எஃப்' ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு. ஐம்பதுகளின் வரம்புக்குள் அடங்க வேண்டியிருந்த மொழியின் பெயர்களை இன்றைய கல்லூரி மாணவர் மனப்பாடம் செய்கிறார்.

ஃபோர்ட்ரானின் காலத்திலேயே எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. 1960இல் வெளிவந்த கோபால் மொழி, மேலாளர்களும் படிக்கும்படி நிரல் இருக்க வேண்டும் என்ற நோக்கில் உருவானது. அதில் பெயர்கள் முப்பது எழுத்து வரை போகலாம், இடையில் சிறு கோடு போட்டுச் சொற்களை இணைக்கலாம். புரோகிராமர்கள் அதை வளவளப்பான மொழி என்று இன்றுவரை கேலி செய்கிறார்கள். ஆனால் பெயர் விஷயத்தில் கோபாலின் உள்ளுணர்வுதான் சரி என்பது என் கட்சி.

சுருக்கும் வெறி யூனிக்ஸ் இயங்குதளத்தில் உச்சத்துக்குப் போனது. புதிய கோப்பை உருவாக்கும் அதன் அழைப்புக்கு வைத்த பெயரில், 'கிரியேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி 'இ' எழுத்து இல்லை. யூனிக்ஸை மறுபடி வடிவமைத்தால் என்ன மாற்றுவீர்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனிடம் கேட்டபோது, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்றாராம். நகைச்சுவையாகச் சொன்னாலும் அவரால் அதைச் சேர்த்திருக்க முடியாது. அந்தப் பெயரை அழைக்கும் நிரல்கள் அதற்குள் எங்கெங்கோ எழுதப்பட்டுவிட்டன. இணையத்தில் இதற்கு ஒரு தம்பி உண்டு. நீங்கள் ஒரு சுட்டியைத் தட்டும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று உலாவி புதிய தளத்துக்குச் சொல்லும். அந்தத் தகவலைச் சுமக்கும் தலைப்பின் பெயர் 'ரெஃபரர்'. நடுவில் இரண்டு 'ஆர்' வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. எழுத்துப்பிழை 1996இன் எச்டிடிபி ஆவணத்துக்குள் புகுந்தது, பிறகு யாராலும் வெளியேற்ற முடியவில்லை. இதே தகவலை எவ்வளவு வெளிப்படுத்தலாம் என்று தீர்மானிக்கும் இன்னொரு தலைப்பு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டபோது சரியான எழுத்துடன் எழுதினார்கள். ஆக, ஒரே உலாவி பிழையுள்ள பெயரையும் பிழையற்ற பெயரையும் அடுத்தடுத்துக் கையாள்கிறது.

உங்கள் நிரலுக்குள்ளேயே இருக்கும் பெயரை இன்றைய எடிட்டர்களில் ஒரு நொடியில் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம். அடுத்தவர் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட பெயரை மாற்ற முடியாது. பெயரைப் பற்றி எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்பதை இந்த வேறுபாட்டை வைத்தே முடிவு செய்யலாம்.

இரண்டு சொல்லில் பெயர் வைக்க வேண்டுமானால் சொற்களை எப்படி ஒட்டுவது? இடைவெளி விட்டால் கம்பைலர் இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். அடிக்கோடு போட்டு இணைப்பது ஒரு வழி, அதற்குப் பாம்புப் பாணி என்று பெயர். ஒட்டி எழுதி அடுத்த சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்குவது இன்னொரு வழி, திமில்போல் எழும்புவதால் அது ஒட்டகப் பாணி. இதன் பின்னணியிலும் ஒரு விசை இருக்கிறது. 1963இல் வந்த ஆஸ்கி எழுத்துத் தொகுப்பில் இன்று அடிக்கோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் இடப்பக்க அம்புக்குறி இருந்தது. 1967 திருத்தத்தில் அம்பு போய் அடிக்கோடு வந்தது. எழுபதுகளில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகம் பழைய அம்பையே வைத்துக்கொண்டது. அங்கே பிறந்த ஸ்மால்டாக் மொழியில் ஒரு மதிப்பை ஒரு பெயருக்கு வழங்கும் குறி அந்த அம்புதான். அடிக்கோடு கைவசம் இல்லாததால் சொற்களைப் பெரிய எழுத்தால் ஒட்டினார்கள். பின்னால் ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஒட்டகமே நிலைத்தது. யூனிக்ஸ் உலகமும் பைத்தானும் பாம்பின் பக்கம் நின்றன.

எது படிக்க எளிது என்று ஆய்வு செய்தவர்களும் உண்டு. 2009இல் வந்த ஓர் ஆய்வு, ஒட்டகப் பாணிப் பெயர்களைத்தான் மக்கள் பிழையின்றி அடையாளம் காண்கிறார்கள் என்றது. அடுத்த ஆண்டே கண் அசைவுகளை அளந்து செய்த இன்னோர் ஆய்வு, அடிக்கோட்டுப் பெயர்களைக் கண் வேகமாகப் பிடிக்கிறது என்றது. குழு ஏற்கெனவே எதைப் பின்பற்றுகிறதோ அதையே பின்பற்றுங்கள். இந்தச் சண்டையில் நேரம் செலவழிப்பது வீண்.

செலவழிக்க வேண்டிய இடம் வேறு: பெயர் என்ன சொல்கிறது என்பதில். சார்லஸ் சிமோனி 1948இல் புடாபெஸ்டில் பிறந்தவர். ஸெராக்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றி, 1981இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து, வேர்ட், எக்ஸெல் போன்ற மென்பொருள்களை உருவாக்கிய பிரிவை நடத்தியவர். பிற்காலத்தில் தன் பணத்தில் இரண்டு முறை விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்தார். அவர் கொண்டுவந்த பெயரிடல் முறைக்கு ஹங்கேரியக் குறிமுறை என்று பெயர் விழுந்தது. மூல யோசனை அழகானது. எக்ஸெலில் ஒரு கட்டத்தின் வரிசை எண்ணும் முழு எண், பத்தி எண்ணும் முழு எண். வரிசை எண்ணைப் பத்தி எண்ணோடு கூட்டினால் கிடைக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது, அதற்கு இரண்டும் முழு எண்கள். ஆனால் ஒரு பெயர் வரிசைக்கான முன்னொட்டோடும் இன்னொன்று பத்திக்கான முன்னொட்டோடும் தொடங்கினால், கூட்டல் குறியின் இருபுறமும் அவற்றைப் பார்க்கும் கண்ணுக்கு உறுத்தும். தவறான நிரல் தவறாகவே தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

விண்டோஸ் குழுவின் கைக்குப் போனபோது இந்த யோசனை கெட்டது. எந்த வகைப் பொருள் என்பதைச் சொல்ல வேண்டிய முன்னொட்டு, எத்தனை பிட், சுட்டியா சரமா என்று கம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதிகளைச் சொல்ல ஆரம்பித்தது. விண்டோஸின் ஒவ்வொரு செய்தியோடும் வரும் ஒரு மதிப்பின் பெயர் 'டபிள்யூ-பாராம்'. 'டபிள்யூ' என்பது வேர்டைக் குறிக்கும், அதாவது 16 பிட். விண்டோஸ் 32 பிட்டுக்கு மாறியபோது அந்த மதிப்பும் 32 பிட் ஆனது, பிறகு 64 ஆனது. பெயர் மட்டும் இன்னும் 16 என்கிறது. தியேட்டர் இடிக்கப்பட்டுக் கல்யாண மண்டபம் வந்த பிறகும் பஸ் ஸ்டாப்புக்குத் தியேட்டர் பெயரே இருப்பதைப் போலத்தான் இது. உள்ளூர்க்காரர் சமாளித்துவிடுவார், வெளியூரிலிருந்து வருபவர் தியேட்டரைத் தேடுவார். லினக்ஸ் கெர்னலின் எழுத்துநடைக் குறிப்பு இந்த வழக்கத்தைக் கடுமையாகத் திட்டுகிறது. மைக்ரோசாஃப்டே டாட்நெட் வழிகாட்டுதல்களில் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது.

கெட்டது வடிவம்தான், சிமோனியின் மூல யோசனை இல்லை. அதற்கு அளவுகளின் அலகைவிட நல்ல சாட்சி கிடையாது. 1998 டிசம்பர் 11 அன்று ஏவப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. கலத்தின் சிறு உந்துதல்களைக் கணக்கிட்ட தரைநிலைய மென்பொருள் பவுண்டு-விசை நொடிகளில் எண்களைக் கொடுத்தது. அவற்றை வாங்கிய பாதைக் கணிப்புக் குழு நியூட்டன் நொடிகள் என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயைச் சுற்றி வளைய வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கி, வளிமண்டலத்தில் சிக்கியது. பெயரில் அலகு இருந்திருந்தால் கலம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மெட்ரிக் அலகுதான் வேண்டும் என்று ஒப்பந்த ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது, சோதனையிலும் குழுக்களுக்கு இடையிலான பேச்சிலும் ஓட்டைகள் இருந்தன. ஆனால் ஆவணம் ஒரு கோப்பில் தனியாகக் கிடக்கும். 'உந்துதல்' என்பதற்குப் பதில் 'உந்துதல்_நியூட்டன்_நொடி' என்று எழுதியிருந்தால், அந்தத் தகவல் பயன்படும் ஒவ்வொரு வரியிலும் கூடவே வரும். ஆவணத்தில் உள்ள குறிப்புக்கும் பெயருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். குறிப்பு ஓரிடத்தில் இருக்கும், பெயர் பயணம் செய்யும்.

அப்படியானால் பெயர்கள் எல்லாமே நீளமாக இருக்க வேண்டுமா? இல்லை. மூன்று வரிச் சுற்றுக்குள் பிறந்து அங்கேயே இறக்கும் எண்ணிக்கைக்கு 'ஐ' போதும். அதற்கு 'சுற்று_எண்ணிக்கை' என்று பெயர் வைப்பது படிப்பவரின் கண்ணை வீணாக்கும் வேலை. கெர்னல் குறிப்பும் இதையே சொல்கிறது. கோ மொழிக்காரர்கள் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள்: அறிமுகமான இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு பெயர் பயன்படுகிறதோ அவ்வளவு விளக்கமாக அது இருக்கட்டும்.

ஆனால் நடுத்தர தூரத்தில் முழுச் சொல்லுக்கே மதிப்பு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் சி ஷார்ப் மொழியில் தொழில் செய்யும் 72 பேரிடம் சிறு நிரல்களைக் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒற்றை எழுத்தும் சுருக்கமும் கொண்ட நிரலைவிட முழுச் சொற்கள் கொண்ட நிரலில் அவர்கள் சராசரியாக 19 விழுக்காடு வேகமாக இருந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து வந்த இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிடச் சுவையானது. அதில் 334 பேர் கலந்துகொண்டார்கள். ஒரே சூழலைக் கொடுத்து ஒரே பொருளுக்குப் பெயர் வைக்கச் சொன்னால், இருவர் ஒரே பெயரை வைக்கும் வாய்ப்பின் இடைநிலை மதிப்பு 6.9 விழுக்காடுதான். ஆனால் ஒருவர் வைத்த பெயரை மற்றவர்களுக்குக் காட்டினால் பெரும்பாலோருக்குப் புரிந்துவிடுகிறது. சரியான ஒரே பெயர் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தேடித் தவிக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட ஆறுதல் வேண்டாம். அதே காரணத்தால், நீங்கள் 'வாடிக்கையாளர்' என்று எழுதியதைப் பக்கத்து மேசைக்காரர் 'பயனர்' என்றும், புதிதாகச் சேர்ந்தவர் 'கணக்கு' என்றும் எழுதுவார்கள் என்பதும் உறுதி. ஒரே கருத்துக்கு ஒரே சொல் என்று குழு பேசி முடிவு செய்யாவிட்டால் தானாக நடக்காது.

மோசமான பெயர்களில் ஊமைப் பெயர் ஒரு வகை. 'தகவல்', 'தரவு', 'தற்காலிகம்', 'மேலாளர்' என்றெல்லாம் எழுதினால் எதுவும் சொன்னதாகாது. இவை எரிச்சல் தரும், ஆனால் ஏமாற்றாது. பொய் சொல்லும் பெயர்தான் ஆபத்து. 'இருப்பைப்_பெறு' என்ற ஃபங்ஷன் போகிற போக்கில் டேட்டாபேஸில் எதையோ எழுதிவிட்டு வந்தால், அதை அழைத்தவருக்கு உள்ளே திறந்து பார்க்கத் தோன்றாது. பட்டியல் என்று பெயர் இருக்கும், உள்ளே ஒரே ஒரு பொருள் இருக்கும். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் வேரியபிளுக்கு 'முடக்கப்படாதது' என்று பெயர் வைத்து அதன்முன் எதிர்மறைக் குறியும் போட்டுவிட்டால் படிப்பவர் விரல் விட்டு எண்ண வேண்டும். 'எல்லை' என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் எல்லைக்குள்ளா வெளியிலா? 'அதிகபட்சம்' என்றிருந்தால் கேள்வியே எழாது. பொய்ப் பெயர்கள் பெரும்பாலும் பொய்யாகப் பிறப்பதில்லை. 'டபிள்யூ-பாராம்' போல, வேலை மாறியது, பெயரை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். நிரலைத் திருத்தும்போது பெயரையும் ஒரு முறை வாசித்துப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

முதலில் பார்த்த வட்டிக் கணக்கு பைத்தானில் அப்படியே ஓடும். எந்த மொழி எழுத்திலும் பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவு 2007இல் எழுதப்பட்டு, 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3இல் நடைமுறைக்கு வந்தது. ஜாவாவில் இது முதலிலிருந்தே உண்டு. எழில் என்ற நிரல்மொழியில் 'ஆனால்', 'பதிப்பி' என்று கட்டளைச் சொற்களே தமிழில் இருக்கின்றன. தமிழில் பெயர் வைக்கும்போது பழைய விதிகள் சில வேடிக்கையாகின்றன. நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது, ஆகவே ஒட்டகப் பாணிக்கு வழியே இல்லை, பாம்புதான் கதி. ஆங்கிலத்தில் 'எல்' எழுத்தும் எண் ஒன்றும் ஒரே மாதிரி தெரிவதால் 'எல்' என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைக்காதே என்கிறது பைத்தானின் நடைக் குறிப்பு. நம்மிடம் தமிழ் எண்கள் ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ என்ற எழுத்துகளோடு குழம்பக் காத்திருக்கின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் இரண்டு குறிகளாகவும் தட்ட முடியும். இதில் மட்டும் பைத்தான் பெருந்தன்மையோடு இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது.

கோ மொழியில் நிலைமை சங்கடமானது. அதன் விதிப்படி பெயரில் எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். யூனிகோடு நம் புள்ளியையும் துணைக்கால், கொம்பு போன்றவற்றையும் எழுத்து என்ற வகையில் சேர்க்கவில்லை, ஒட்டுக்குறிகளாக வைத்திருக்கிறது. ஆகவே 'நகர' என்று பெயர் வைக்கலாம், 'நகரம்' என்று வைக்க முடியாது. பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்தான் கோ மொழியில் வெளியாருக்குத் தெரியும் என்பதால், வைக்க முடிந்த தமிழ்ப் பெயரையும் வெளியே அனுப்ப முடியாது. இதை வடிவமைத்தவர்களுக்குத் தமிழ் மீது வெறுப்பு ஒன்றும் இல்லை. ஃபோர்ட்ரானின் ஆறு எழுத்தைப் போல, கையிலிருந்த எழுத்துமுறையை வைத்து விதி எழுதினார்கள்.

நடைமுறையில் தமிழ்ப் புரோகிராமர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் பெயர் வைக்கிறார்கள். நிரல் எந்த ஊருக்குப் போகும் என்று தெரியாதபோது அது நியாயம்தான். சிக்கல் வருவது உள்ளூர்ப் பொருளில். நிலப் பதிவுக்கு மென்பொருள் எழுதுபவர் பட்டா, சிட்டா, அடங்கல், புறம்போக்கு ஆகியவற்றுக்கு என்ன பெயர் வைப்பார்? ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் பட்டாவும் பத்திரமும் ஒரே சொல்லில் போய் விழக்கூடும். நிலத்தை வாங்கியதற்கான பத்திரம் ஒன்று, வருவாய்த் துறைப் பதிவில் பெயர் ஏறுவது வேறொன்று. இங்கே தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதுவதுதான் சரி. துறைக்காரர்கள் எந்தச் சொல்லைப் பேசுகிறார்களோ அதுவே நிரலிலும் இருக்க வேண்டும் என்று எரிக் எவான்ஸ் 2003இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் ஆங்கில எழுத்தில் புறம்போக்கை எப்படி எழுதுவது? 'பி'க்கு அடுத்து 'யு' போடுபவர் உண்டு, 'ஓ' போடுபவர் உண்டு, நடுவில் 'எம்'முக்குப் பதில் 'என்' போடுபவரும் உண்டு. ஒரே நிரலில் மூன்றும் புகுந்துவிட்டால், ஒன்றைத் தேடும்போது மற்ற இரண்டும் தேடலில் சிக்காது, புறம்போக்குக்கான சோதனை ஏற்கெனவே இருப்பது தெரியாமல் யாரோ இன்னொரு முறை எழுதுவார். வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு சொற்பட்டியல் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, அந்தப் பட்டியலை நிரல் இருக்கும் கோப்புறையிலேயே வைத்துவிட வேண்டும்.